போடாத லைன்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, போடப்படாத ஒரு டெலிபோன் லைன் மேல் காகங்கள் உட்கார ஆரம்பித்தது ஆகஸ்ட் மாதம் ஒன்றாம் தேதி காலை ஆறரை மணிக்கு. கம்பத்துக்குக் கம்பம், பதினோரு கிலோமீட்டர் தூரத்துக்கு, தரையில் இருந்து பதினெட்டு அடி உயரத்தில், காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் அவை வரிசையாக உட்கார்ந்திருந்தன. காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து ஆடின. பஸ்ஸில் போனவர்கள் முதல் நாள் போனில் படம் எடுத்தார்கள். இரண்டாம் நாள் யாரும் எடுக்கவில்லை, ஏனென்றால் படத்தில் அது லைன் மேல் காகம் உட்கார்ந்திருக்கிற சாதாரணப் படமாகத்தான் தெரிந்தது. லைன் மெலிசு, அதனால் படத்தில் விழவில்லை என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மடவார்வளாகத்தில் ரோட்டோரம் மாடி வீட்டில் இருந்த வெள்ளத்தாய் நாலாம் நாள் ஒரு ஈரச் சேலையைத் தூக்கி அந்த வெறும் காற்றின் மேல் போட்டுப் பார்த்தாள். சேலை நின்றது. அன்று முதல் அவள் வீட்டுத் துணியெல்லாம் அங்கேதான் காய்ந்தது. வெயில் காலத்தில் ஒரு மணி நேரம், மழைக் காலத்தில் அரை நாள்.

இதைப் பார்த்து ஊரில் கோபப்பட்டவள் ஒருத்திதான். அவள் பெயர் பிரிஸ்கில்லா. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாற்பது படுக்கை உள்ள ஒரு சின்ன டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பவள். பிரிண்டரில் சிக்கிய பேப்பரை ஒரு தரம் எடுத்துக் கொடுத்த பாவத்துக்கு, அந்த ஆஸ்பத்திரியில் வயர் உள்ள பொருள் எல்லாம் அவள் தலையில் விழுந்திருந்தது. அதுவரை அவளுக்குக் கோபமே வராது என்று பெயர். ஊசிக்குப் பயந்து நெஞ்சுவலியை மறைக்கிற கிழவர்களைக்கூடச் சிரிக்க வைத்துத்தான் படுக்க வைப்பாள். நெஞ்சில் வயர் ஒட்டும்போது, "அசையாமப் படுங்க, இது கல்யாண வீட்டு போட்டோ மாதிரி, ஆடுனா மூஞ்சி கோணலா விழும்" என்பாள். அப்படிப்பட்டவளைத்தான் இந்த லைன் வேறு ஆளாக மாற்றியது.

விஷயம் இதுதான். மதுரையில் உள்ள ஒரு பெரிய இருதய ஆஸ்பத்திரி இவர்களுக்கு ஒரு பெட்டி கொடுத்திருந்தது. நெஞ்சுவலி என்று யாராவது வந்தால், இங்கே எடுக்கிற ஈசிஜியை அந்தப் பெட்டி நேராக மதுரைக்கு அனுப்பும். அங்கே உள்ள டாக்டர் பார்த்து, ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போடலாம் என்று பதில் அனுப்புவார். அந்தப் பதில் இல்லாமல் இங்கே ஊசி போடக் கூடாது. போய் வர நாலு நிமிடம். நடுவில் லைன் போனால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குத் தனி டிஜிட்டல் டெலிபோன் லைன் வேண்டும், அந்த லைன் வந்து சொருக ஒரு ரவுட்டர் வேண்டும். செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் ஆகாதா என்றால், ஆகாது. மங்கலான படத்தைப் பார்த்து முன்பு ஒரு தரம் தப்பாகச் சொல்லிவிட்டதில் இருந்து, போன் படத்தை நம்பி ஊசி போடச் சொல்வதில்லை என்று மதுரைக்காரர்கள் எழுதியே கொடுத்துவிட்டார்கள். லைன் இல்லாதவரை ஆளை ஆம்புலன்ஸில் ஏற்றி மதுரைக்கு அனுப்ப வேண்டியதுதான். எழுபத்தைந்து கிலோமீட்டர். பாதிப் பேர் நடுவழியில் உள்ள கல்லுப்பட்டியை உயிரோடு தாண்ட மாட்டார்கள்.

ரவுட்டர் வந்தது. சுவரில் மாட்டினார்கள். அதில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. லைன் வந்தால் பச்சையாகும் என்றார்கள். டெலிபோன் கம்பெனியின் பக்கத்து எக்ஸ்சேஞ்ச் ராஜபாளையத்தில் இருந்தது, அங்கிருந்துதான் கேபிள் இழுக்க வேண்டும். கம்பெனி அந்த வேலையை ஒரு காண்டிராக்டரிடம் கொடுத்தது, காண்டிராக்டர் பாண்டிதுரை என்கிற லைன்மேனிடம் கொடுத்தான். பாண்டிதுரைக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வந்து சுவரில் ஓட்டை போட்டான், கொக்கி அடித்தான், ரவுட்டரில் இருந்து வாசல் கம்பம் வரைக்கும் வயர் இழுத்துக் கட்டினான். மிச்சம் பதினோரு கிலோமீட்டருக்குக் கேபிள் உருளை வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். உருளை வரவில்லை. ஜூலை முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு அவனிடம் இருந்து போன் வந்தது.

"யக்கா, ஒங்க போனுக்கு ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும். செத்த சொல்லுங்கக்கா. கேபிள் நாளைக்கு வந்துரும். இன்னைக்குள்ள முடிச்சதாக் காட்டலேன்னா என்னய வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ஒங்க தம்பி மாதிரி நெனச்சுக்கோங்க."

வேலை முடிந்த பிறகு சொல்ல வேண்டிய ஓடிபி அது. பிரிஸ்கில்லாவுக்கு அது தெரியும். ஆனால் ஒருவன் தம்பி மாதிரி நினைத்துக்கொள் என்று சொன்ன பிறகு நம்பரைச் சொல்லாமல் போனை வைக்க இந்தப் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. கேஸ் சிலிண்டர் வருகிறதற்கு முன்னாலேயே நம்பர் சொல்கிற ஊர் இது. ஆறு நம்பரையும் சொன்னாள். மறு நிமிடமே போனில் செய்தி வந்து விழுந்தது: வாழ்த்துகள்! உங்கள் டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு வெற்றிகரமாக நிறுவப்பட்டது. மறுநாள் காலையில் காகங்கள் வந்து உட்கார்ந்தன. கேபிள் வரவில்லை.

கம்பெனிக்காரன் எழுதி வைத்ததைக் காகம் நம்பியது, வெள்ளத்தாயின் சேலை நம்பியது, அந்த ரவுட்டர் மட்டும் நம்பவில்லை. அது சிவப்பாகவே எரிந்தது. பிரிஸ்கில்லா புகார் எண்ணுக்குப் போன் செய்தாள். எங்கோ குளுகுளு ரூமில் உட்கார்ந்திருந்த ஒரு குரல், "உங்க லைன் எங்க சிஸ்டத்துல ஆக்டிவா இருக்கு மேடம், ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்றது. ஆகஸ்ட் மாதம் முழுக்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாள். செப்டம்பரில் வேறொரு குரல் அதையே சொன்னது. "ஒங்க சிஸ்டத்துல இருக்குய்யா, எங்க செவத்துல இல்ல" என்று அவள் கத்தியதை, வாடிக்கையாளர் திருப்தி என்று எழுதி முடித்துவைத்தார்கள். கடைசியில் வெறும் கம்பங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: தாங்கள் அனுப்பிய படத்தில் லைன் மேல் பறவைகள் அமர்ந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது, ஆகவே லைன் நல்ல நிலையில் உள்ளது, புகார் முடித்துவைக்கப்படுகிறது. அதை வாசித்த அன்று அவள் மத்தியானம் சாப்பிடவில்லை. கொண்டுவந்த டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேனாக ஐயாதுரை என்று ஒருவர் இருந்தார். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பிரம்பு நாற்காலியில் நேராக உட்கார்ந்திருப்பார். தினமும் காலையில் பிரிஸ்கில்லா உள்ளே வரும்போது எழுந்து நின்று, "வெளக்கு பச்சையாயிட்டா தாயி?" என்று கேட்பார். "இன்னும் இல்ல அண்ணாச்சி" என்பாள். பிறகு உள்ளே வந்து ரவுட்டர் மேல் படிந்த தூசியைத் தன் துண்டால் துடைத்துவிட்டுப் போவார். துடைத்தால் வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

நவம்பர் பதினெட்டாம் தேதி பகல் பதினோரு மணிக்கு ஐயாதுரை அந்த நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிரிஸ்கில்லா வயர் ஒட்டி ஈசிஜி எடுத்தாள். டியூட்டி டாக்டர் விமல், கிருஷ்ணன்கோவில்காரர், இரண்டு வருஷ அனுபவம், பார்த்த உடனேயே இது பெரிய அடைப்பு என்றார். ஊசி அலமாரியில் இருந்தது. பெட்டி மேசை மேல் இருந்தது. விளக்கு சிவப்பாக இருந்தது. மதுரைக்குப் போன் போட்டார்கள், ஏற்றி அனுப்புங்கள் என்றார்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது ஐயாதுரை, "வாசக் கேட்ட இனி யாரு பாத்துக்குவா?" என்று கேட்டார். கல்லுப்பட்டி தாண்டவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பிரிஸ்கில்லா ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினாள். பஞ்சு மார்க்கெட் பக்கத்து டீக்கடையில்தான் லைன்மேன்கள் காலையில் நிற்பார்கள் என்று விசாரித்து வைத்திருந்தாள். பாண்டிதுரை கையில் டீ கிளாஸோடு நின்றான். நாலு மாதமாக அவள் நம்பரைப் பார்த்தால் போனை எடுக்காதவன், ஆளைப் பார்த்ததும் ஓட இடம் தேடினான்.

"ஏலே பாண்டிதுரை" என்றாள். அவளுக்கே அது தன் குரல் மாதிரி தெரியவில்லை. "கெளம்பு. லைனுக்கு ஜாயிண்ட் அடிக்கணும்."

"யக்கா, கேபிளே வரலியேக்கா. இல்லாத லைன எப்பிடிக்கா ஜாயிண்ட் அடிக்க?"

"போட்டாச்சுன்னு எழுதிக் குடுத்தது யாரு? நீதான? போட்டவந்தான ஜாயிண்டும் அடிக்கணும். நடலே."

கடையில் நின்ற பத்துப் பேரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அவன் கிளாஸை வைத்துவிட்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே பஸ் ஏறினான். ஆஸ்பத்திரி வாசல் கம்பத்தில் ஏணி சாத்தி ஏறினான். மேலே உட்கார்ந்திருந்த காகங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அவனுக்கு இடம் கொடுத்தன. அவன் அழுதுகொண்டே வெறும் காற்றைக் கையால் பிடித்தான், கட்டரால் அதன் தோலைச் சீவினான், சுவரில் இருந்து வந்த வயரின் நுனியை அதோடு முறுக்கினான், டேப் சுற்றினான். டேப் நின்றது. கீழே நின்று பிரிஸ்கில்லா அவனை வைதாள். அவனை மட்டும் வையவில்லை. அவனுக்குக் கெடு வைத்த காண்டிராக்டரை, வராத உருளையை, ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்ன குரல்களை, காகத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டவனை, வாழ்த்துகள் என்று எழுதியவனை, எல்லாரையும் பெயர் தெரிந்தால் பெயர் சொல்லியும் தெரியாவிட்டால் ஏலே என்றும் இருபது நிமிடம் வைதாள். ஐயாதுரையின் காலி நாற்காலி பக்கத்தில் இருந்தது.

உள்ளே இருந்து நர்ஸ் முனீஸ்வரி ஓடி வந்தாள். "யக்கா, பச்சை! பச்சையாயிருச்சுக்கா!"

பிரிஸ்கில்லா உள்ளே போய்ப் பார்த்தாள். பச்சைதான். மூச்சு வாங்க ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். விளக்கு சிவப்பானது. எழுந்து வெளியே வந்து பாண்டிதுரையை மறுபடி வைதாள், பச்சையானது. நிறுத்தினாள், சிவப்பானது. நாலாம் தரம் டாக்டர் விமல் வாட்சைப் பார்த்து நாடி பார்க்கிற மாதிரி நேரத்தைக் குறித்துக்கொண்டு, லைன் சரியாகத்தான் இருக்கிறது, அதற்குக் கரண்ட் மட்டும் அக்காவிடம் இருந்து போகிறது என்றார். வாய் திறந்து வைய வேண்டும் என்றுகூட இல்லை, மனதில் கோபம் இருந்தால் போதும் என்பதும் அன்றைக்கே தெரிந்தது. ஏணியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பாண்டிதுரை இறங்கி வந்து, கட்டரையும் பையையும் கம்பத்தடியில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போனான். அதற்குப் பிறகு அவன் லைன் வேலைக்குப் போகவில்லை என்று கேள்வி.

பத்தே நாளில் கான்சாபுரத்தில் இருந்து தங்கப்பாண்டியன் என்ற விவசாயியைக் கொண்டுவந்தார்கள். வயலில் மடை திறக்கப் போனவர், வரப்பிலேயே விழுந்துவிட்டார். பிரிஸ்கில்லா வயரை ஒட்டினாள், கண்ணை மூடி ஐயாதுரையின் துண்டை நினைத்தாள், விளக்கு பச்சையானது, நாலு நிமிடத்தில் மதுரையில் இருந்து பதில் வந்தது, விமல் ஊசி போட்டார். தங்கப்பாண்டியன் ஆறாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு பிளவக்கல் அணையில் மதகு பார்க்கிற ஒருவர், ஒரு மில் மேஸ்திரி, காலேஜ் பஸ் டிரைவர் ஒருவர். பஸ் டிரைவரைக் கொண்டுவந்தபோது பிரிஸ்கில்லா தன் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி போன் செய்து, "யக்கா, செத்த நேரம் கோவப்படுங்க" என்றாள். கழுவிய கையோடு அடுப்படியில் நின்றபடியே கோபப்பட்டாள். அந்த ஆளும் பிழைத்தார். டிரஸ்ட் செயலாளர் இதையெல்லாம் மாதாந்திரக் கூட்டத்தில், போர்வெல் ரிப்பேர் ஆனதைச் சொல்கிற மாதிரி சொல்லி, குறிப்பேட்டில் எழுத வைத்தார்.

கோபப்படுவது சுலபம் என்று நினைக்கிறவர்கள் மூன்று நாள் விடாமல் கோபப்பட்டுப் பார்க்க வேண்டும். விறகு அடுப்பைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கவனிக்காமல் விட்டால் சாம்பல் மூடிவிடும். ஆஸ்பத்திரியில் எல்லாரும் ஒத்தாசை செய்தார்கள். முனீஸ்வரி டீயில் சர்க்கரை போட மாட்டாள். விமல் ஈசிஜி பேப்பர் சுருளை எங்கேயாவது தூக்கி வைத்துவிட்டுத் தெரியாது என்பார். அந்தச் சில்லறைக் கோபத்துக்கெல்லாம் விளக்கு ஆரஞ்சு வரைக்கும்தான் வரும். பச்சைக்கு ஐயாதுரை வேண்டும். அந்த வாழ்த்துச் செய்தியை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள். அதை ஒரு தரம் வாசித்தால் ஒரு மணி நேரம் ஓடும். மாதம் ஒரு தரம் கம்பெனியில் இருந்து போன் செய்து, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்பார்கள். அன்றைக்கு மட்டும் ராத்திரி வரைக்கும் கவலை இல்லை. உண்மையான கேபிளையாவது போட்டுத் தாருங்கள் என்று செயலாளர் எழுதிய கடிதத்துக்கு, அந்த முகவரியில் ஏற்கெனவே ஒரு லைன் நன்றாக வேலை செய்வதால் இன்னொன்று தர வழியில்லை என்று பதில் வந்தது. அது ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் படுக்கையில் கிடக்கிறவர்களைச் சிரிக்க வைப்பதைப் பிரிஸ்கில்லா விட்டுவிட்டாள். புதிதாக வந்த நர்ஸுகள் அவளைப் பார்த்தால் பயந்து ஒதுங்கினார்கள். அவளுக்கு அது துளிகூடப் பிடிக்கவில்லை. வேறு வழியும் இல்லை.

அவள் புருஷன் ஆல்வின் பட்டாளத்தில், அசாம் பக்கம் இருந்தான். இரண்டாம் வருஷம் ஒரு மாத லீவில் வந்தான். மூன்று நாள் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள், மூன்று நாளும் விளக்கு சிவப்பாக எரிந்தது. நல்ல வேளை, யாரும் வரவில்லை. நாலாம் நாளில் இருந்து ஆல்வின் மாறிப் போனான். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டான், மீன் குழம்பில் புளி சரியில்லை என்றான், அவளுடைய அண்ணனைப் பற்றிச் சொல்லக் கூடாததைச் சொன்னான். லீவு முடிகிறவரைக்கும் வீட்டில் சண்டை, ஆஸ்பத்திரியில் பச்சை. ஸ்டேஷனில் ரயில் நகரும்போதுதான், "எல்லாம் ஒனக்காகத்தான் செஞ்சேன். மனசுல வச்சுக்காத" என்றான். அவளுக்கு அப்படியே உருகிவிட்டது. அந்த நிமிடமே பச்சை அணைந்து விளக்கு இரண்டு நாள் சிவப்பாக இருந்தது. வேண்டுமென்றே மூட்டிய கோபம் என்று தெரிந்துவிட்டால் அது எரியாது என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டாள்.

மூன்றாம் வருஷம் மே மாதம், உச்சி வெயிலில், ஒரு லோடு ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் இறங்கி, பின்னால் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருந்த ஒரு அம்மாளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி வந்தான். பாண்டிதுரை. தூக்கி வந்தது அவன் தாயார் செல்லத்தாயை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்திருந்தாள். ராஜபாளையத்தில் எத்தனையோ ஆஸ்பத்திரி இருக்க அவன் இங்கே கொண்டுவந்ததற்குக் காரணம் யாரும் கேட்கவில்லை. இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்தவனே அவன்தான்.

பிரிஸ்கில்லா அவன் முகத்தைப் பார்த்தாள், வயரை ஒட்டினாள். விளக்கு பளிச்சென்று பச்சையாக எரிந்தது. பெட்டி அனுப்ப ஆரம்பித்தது. அவள் திரும்பியபோது பாண்டிதுரை அவள் காலடியில் கிடந்தான்.

"மன்னிச்சிருங்கக்கா. நா செஞ்சது மன்னிக்கிற காரியமில்லதான். வருசா வருசம் அந்தத் தேதிக்கு ஐயாதுரை அண்ணாச்சி வீட்டுக்குப் போறேன்க்கா. வாசல்ல நின்னுட்டு வந்துருவேன். அவிய சம்சாரத்தப் பாத்து ஒரு வார்த்த சொல்ல எனக்குத் தைரியமில்லக்கா. எங்கம்மா ஒண்ணுமறியாதவக்கா."

அவன் தலை பாதி நரைத்திருந்தது. சட்டையில் ஆட்டோ கிரீஸ். அந்த வாசலில் அவன் நிற்பதையும், உள்ளே போகாமல் திரும்புவதையும் பிரிஸ்கில்லா மனதில் பார்த்தாள். மூன்று வருஷமாகக் காய்ந்து கிடந்த நெஞ்சுக்குள் ஏதோ ஈரம் இறங்கியது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். எழுந்திருடா என்று சொல்லக் குனிந்தாள்.

"யக்கா!" என்று அலறினாள் முனீஸ்வரி. "செவப்பு!"

இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. மறுபடி முதலில் இருந்து. பிரிஸ்கில்லா கண்ணாடிக்கு அடியில் இருந்த வாழ்த்துச் செய்தியை வாசித்தாள். அது வெறும் எழுத்தாக இருந்தது. ஐயாதுரையை நினைத்தாள், கண்ணில் தண்ணீர்தான் வந்தது, கண்ணீருக்கு விளக்கு எரியாது. ஆல்வின் சொன்னதை நினைத்தாள், சிரிப்பு வந்தது. விமல் செல்லத்தாயின் நாடியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நேரமில்ல" என்றார். முனீஸ்வரி ஓடி வந்து பிரிஸ்கில்லாவின் கையை அழுத்திக் கிள்ளினாள். ஆரஞ்சுகூட வரவில்லை. வர மாட்டேன் என்கிற கோபத்தை எங்கே போய்த் தேடுவது? தன் மேலேயே கோபப்படப் பார்த்தாள், அதுவும் வெறும் துக்கமாகத்தான் வந்தது.

பாண்டிதுரை தரையில் உட்கார்ந்தபடி விளக்கைப் பார்த்தான். தாயாரைப் பார்த்தான். பிரிஸ்கில்லாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு எழுந்தான். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். குரலில் முன்பு இருந்த நடுக்கம் இல்லை.

"நா எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? ஓடிபி குடுத்தது யாரு, நானா? நீங்கதான குடுத்தீக. கேக்கது எஞ்சோலி, கேட்டேன். வேல முடியாமச் சொல்ல மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்ல ஒங்களுக்கு வாயில்லயா? ஆறு நம்பர். நீங்க வாயத் தொறந்தீக, அந்த மனுசன் செத்தாரு. இதுல என்னய ஏத்திவிட்டுக் கம்பத்தடில நின்னு ஊரக் கூட்டி வஞ்சீகளே, அன்னைக்கு ஒங்கள யாரு வைய?"

இந்த மூன்று வருஷத்தில் ஒருவரும் அவளிடம் சொல்லாத வார்த்தை அது. தினமும் காலையில் காலி நாற்காலியைத் தாண்டி உள்ளே வரும்போது அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வார்த்தை. அதை இவன் வாயில் இருந்து, இவன் வாயில் இருந்து கேட்க வேண்டியதாயிற்றே. அவள் கை தானாக ஓங்கி அவன் கன்னத்தில் இறங்கியது. சத்தம் வார்டு வரைக்கும் கேட்டது. அவன் தடுக்கவில்லை.

விளக்கு அதுவரை யாரும் பார்க்காத பச்சையில் எரிந்தது. ராஜபாளையம் எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் பதினோரு கிலோமீட்டருக்கும் உட்கார்ந்திருந்த காகங்கள் அத்தனையும் கால் சுட்ட மாதிரி ஒரே நேரத்தில் எழும்பின. மடவார்வளாகத்தில் வெள்ளத்தாய் அப்போதுதான் பிழிந்து போட்ட சேலை காய்ந்து, இஸ்திரி போட்ட மாதிரி மொடமொடவென்று நின்றது. நாலு நிமிடத்தில் மதுரையில் இருந்து பதில் வந்தது. விமல் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் செல்லத்தாய் கண் திறந்து, தறியை யார் நிறுத்தினார்கள் என்று கேட்டாள். ஆறாம் நாள் வீட்டுக்குப் போனாள். மகன் அந்த ஆறு நாளும் வாசலுக்கு வெளியே, ஆட்டோவிலேயே இருந்தான். உள்ளே வரவில்லை, பிரிஸ்கில்லா பக்கம் திரும்பவும் இல்லை.

அவன் அதை மனதில் இருந்து சொன்னானா, விளக்குக்காகச் சொன்னானா என்பது இன்றுவரை தெரியாது. அவன் சொன்னதில்லை. அவள் கேட்டதில்லை. ஒரு நாள் டீ குடிக்கும்போது விமல், "அக்கா, அன்னைக்கு அவன் வேணும்னேதான்" என்று ஆரம்பித்தார். பிரிஸ்கில்லா கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள், சுவரில் இருந்த விளக்கைக் காட்டினாள். விமல் டீயைக் குடித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

அந்த மே மாதத்தில் இருந்து விளக்கு ஒரு தரம்கூடச் சிவப்பானதில்லை. ஆல்வின் லீவில் வந்தாலும் பச்சை, கிறிஸ்துமஸ் அன்றும் பச்சை. கோபத்துக்கு விறகு தள்ளித் தள்ளிவிட வேண்டிய வேலை பிரிஸ்கில்லாவுக்கு இல்லாமல் போனது. டீயில் சர்க்கரை போடுகிறார்கள். நெஞ்சில் வயர் ஒட்டும்போது கல்யாண வீட்டு போட்டோ என்று மறுபடியும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், படுத்திருப்பவர்களும் சிரிக்கிறார்கள். பாண்டிதுரை பெயரை யாராவது சொன்னால் மட்டும் அவள் முகம் இறுகும், அந்தப் பச்சை கொஞ்சம் தூக்கலாக எரியும். காகங்கள் அன்று சாயங்காலமே திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தன, இப்போதும் உட்காருகின்றன. டெலிபோன் கம்பெனி போன மாதம் ராஜபாளையம் எக்ஸ்சேஞ்சிலேயே சிறந்த இணைப்பு என்று ஒரு சான்றிதழ் அனுப்பியிருந்தது. செயலாளர் அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். பிரிஸ்கில்லா அதை ஊசி போட்ட பஞ்சு போடுகிற டப்பாவில் போட்டாள்.

வருஷா வருஷம் மாம்பழ சீசனில், ஒரு நாள் காலையில், ஐயாதுரையின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கூடை இருக்கும். மேலே பேண்டேஜ் துணி மூடி, உள்ளே பழம். பெயர் எதுவும் இருக்காது. யார் வைத்தது என்று பிரிஸ்கில்லா கேட்க மாட்டாள், ஒரு பழத்தைக்கூடத் தொட மாட்டாள், எல்லாவற்றையும் வார்டுக்குக் கொடுத்துவிடச் சொல்வாள். காலிக் கூடையை மட்டும் தானே எடுத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, துணியை நாலாக மடித்து உள்ளே வைத்து, நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பாள். மறுநாள் காலையில் அது அங்கே இருக்காது.